சேஸ் பந்தயத்துக்கு முனியப்பன் கொடுத்த உத்தரவு

சுதந்திரம் வந்த கையோடு நம் நாடு கிரிக்கெட் மட்டையை வெள்ளைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு லாரிப் பந்தயத்தைப் பிடித்துக்கொண்டது. அதிலும் சேலத்திலிருந்து நாமக்கல் வரை நடக்கும் சேஸ் பந்தயம் என்றால் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. சேஸ் என்பது பாடி கட்டாத லாரி. எஞ்சின், சக்கரம், நீளமான இரும்புச் சட்டம், அவ்வளவுதான். ஓட்டுபவர் ஒரு பலகைப்பெட்டி மேல் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆட்கள் காற்றில் உட்கார்ந்து மிதந்து வருவது போலிருக்கும். இன்றும் என் கனவில் அப்படித்தான் வருகிறார்கள், சத்தமே இல்லாமல்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த வருடம் பேர் கொடுத்திருந்தார். எனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! அம்மாவுக்கோ சோறு இறங்கவில்லை.

"முனியப்பங்கிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாமுங்க. சாமி உத்தரவு குடுத்தாப் போவட்டும்" என்று அப்பாவிடம் சொன்னாள்.

வெள்ளைப் பூ வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. இரண்டையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு பெண்குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வீட்டில் இருந்தது நான்தான்.

பூசாரி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்ததால் பொட்டலத்தை மாமாவே மடித்தார். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மூடவில்லை. இரண்டு இலைக்குள்ளும் வெள்ளை அரளியே போனது. மாமா என் காதோரம் குனிந்தார்.

"அம்மாகிட்டச் சொல்லீராத, சாமி."

சொல்வேனா? ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மற்றதை மாமா சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அம்மா அழுதுகொண்டே அவர் நெற்றியில் திருநீறு பூசினாள்.

பந்தயத்தன்று ராசிபுரம் பிரிவுக்குப் பக்கத்தில், ஒரு கோழிப்பண்ணை மதில் மேல் அப்பா என்னை உட்கார வைத்திருந்தார். புழுதிக்குள்ளிருந்து மாமா மிதந்து வந்தார். நான் கையாட்டினேன். பார்த்தாரா, தெரியவில்லை. அடுத்த வளைவில் முன்னால் போன வண்டிக்கு டயர் வெடித்தது. அது குறுக்கே திரும்ப, மாமாவின் சேஸ் அதில் மோதி உருண்டது. பலகைப்பெட்டி மட்டும் தனியாகப் பறந்து, நிதானமாகக் கடலைக்காட்டில் இறங்கியது. அதற்குள் அப்பா என் கண்ணைப் பொத்திவிட்டார். மாமா அந்த இடத்திலேயே போய்விட்டார்.

மூன்றாம் நாள், சுவரில் சாய்ந்திருந்த அம்மா திடீரென்று கேட்டாள்.

"ஏஞ்சாமி இப்படிப் பண்ணுனே? வெள்ளப் பூவக் குடுத்து எந்தம்பிய அனுப்பி வெச்சிட்டியே!"

எங்கள் பக்கம் முனியப்பனும் சாமிதான், நானும் சாமிதான். என்னைத்தான் கேட்கிறாள் என்று நடுங்கிப்போனேன். இரண்டுமே வெள்ளைதான் என்பது நாக்கு நுனி வரை வந்தது. மாமாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து விழுங்கிவிட்டேன்.

அதன்பிறகு அம்மா அந்தக் கோயில் வாசலை மிதிக்கவே இல்லை. முனியப்பனைத் திட்டாத நாளில்லை. தம்பி பேச்சை எடுத்தால் மட்டும் குரல் குழைந்துவிடும். "அவன் சாமி பேச்சத் தட்டாதவன்" என்பாள். நான் வாக்குக்காகவும் பயத்திலும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். திறந்திருந்தால் அத்தனை கோபத்தையும் செத்துப்போன தம்பி மேல்தான் அவள் கொட்டியிருப்பாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.