படிக்கல்லில் இருந்த பெயர்

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஆவணி மாதத்து வெயிலில் நடந்தது. திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில், விரிசல் விட்டிருந்த பழைய நூலகத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவானது. புதுக் கட்டடத்தில் பலகையாக மாட்ட, நூலகத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி பஞ்சாயத்திலிருந்து என்னிடம் வந்தார்கள். நான் வரலாற்று ஆசிரியன். மிதப்புக்குக் கேட்க வேண்டுமா!

சுவரிலிருந்த கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் மட்டுமே இருந்தது. இடம் கொடுத்தவர் யார் என்று எந்தத் தாளிலும் இல்லை. 'ஊர்ப் பொதுமக்கள் முயற்சி' என்று எழுதி முடித்துவிட்டேன்.

விஷயம் தெரிந்து, பரளச்சியிலிருந்து பஸ் பிடித்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். இடம் தன் அப்பா கொடுத்தது என்றார். நான் ஆதாரம் கேட்டேன்.

"வாசல் படிக்கல்லுல அவுக பேரு இருக்கு சார். கோயில்ல போடுற மாதிரி, வாரவுக கால் படணும்னு கேட்டுப் போட்டாக."

போய்ப் பார்த்தோம். படி முழுக்க சிமெண்டு பூசியிருந்தது. ஓரத்தில் கொத்திப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. சோம்பல். எழுத்தில் இல்லாததை வரலாறாக எழுத முடியாது என்று பாடம் வேறு நடத்தினேன். அந்த அம்மா பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

இடித்த அன்று எனக்குப் பள்ளிக்கூடம். சாயங்காலம் போனபோது வேலையாள் ஒருவர் சொன்னார்: "படிக்கல்லுல சிமெண்டு பேந்து ஏதோ பேரு தெரிஞ்சுச்சு சார். லோடோட போயிருச்சு."

அந்த லோடைக் கொட்டிய ஓடைப் பள்ளத்தில் இரண்டு நாள் தேடினேன். அதற்குள் மேலே மண்ணடித்து மட்டம் செய்திருந்தார்கள்.

பரளச்சிக்குப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"நான் பொய் சொல்லலைன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்ல சார். போதும்" என்றார்.

எனக்குப் போதவில்லை. பலகையில் அவர் அப்பா பெயரைச் சேர்க்கச் சொல்லி பஞ்சாயத்தில் மனு கொடுத்தேன். ஆதாரம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்கள். வேலையாளின் வாய்வார்த்தை செல்லாதாம்.

பலகை இன்றும் நான் எழுதியபடியே தொங்குகிறது. அதை நிமிர்ந்து பார்க்கக் கூசி, தலையைக் குனிந்தபடிதான் நூலகத்துக்குள் போகிறேன். குனிந்தாலோ, பெயர் எதுவும் இல்லாத அந்தப் புதுப் படிதான் கண்ணில் படுகிறது.