மரத்தூள் கலந்த எண்ணெய்

வண்டியின் பின் அச்சில் இருக்கிற பல்பெட்டிக்கு, அதாவது டிபரன்சலுக்கு, எந்த எண்ணெய் ஊற்றுவது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதலில் கோபம்தான் வரும். டின்னிலேயே எழுதியிருக்கிறதே, கண் இல்லையா! கியர்பெட்டிக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது, அதையே இதற்கும் விட்டேன் என்பார்கள் சிலர். அப்படிப்பட்ட ஆட்களோடு நான் பேச்சை வளர்ப்பதில்லை. எங்கள் பிக்கப்பில் இருந்தது ஹைப்பொயிட் பல். அதில் சின்னப் பல்லான பினியன், பெரிய கிரவுன் வீலின் நடுவுக்கு நேரே நிற்காது. கொஞ்சம் கீழே தள்ளி நிற்கும். அதனால் பற்கள் உருள்வதோடு விடாமல் ஒன்றையொன்று அழுத்தி வழுக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே கந்தக வாடை அடிக்கிற எண்ணெய் ஒன்று இருக்கிறது. தொண்ணூறு நம்பர் ஹைப்பொயிட். அதைத்தான் ஊற்ற வேண்டும்.

கண்டியில் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு பலசரக்குக் கடை. கடை அண்ணனுடைய பொறுப்பு, வண்டி என்னுடையது. அந்த பிக்கப்பைப் பழசாக வாங்கினோம். ஓட்டிப் பார்த்தபோது பின்னாலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து டிபரன்சலின் அடி மூடியைக் கழற்றினால், களி மாதிரி ஒன்று மெதுவாக இறங்குகிறது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். மரத்தூள்! தேய்ந்துபோன பினியன் பெயாரிங்கின் சத்தத்தை அமுக்க, தடித்த எண்ணெயில் மரத்தூளைக் குழைத்து அடைத்து எங்கள் தலையில் கட்டிவிட்டான் விற்ற மகராசன். அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் மண்ணெண்ணெய் விட்டு மூன்று தடவை கழுவி, சரியான எண்ணெயை ஊற்றினேன். அன்றிலிருந்து வண்டி ஊளையிட ஆரம்பித்தது.

கொஞ்சநஞ்ச ஊளையா அது! குண்டசாலைப் பக்கம் சரக்குப் போட்டுக்கொண்டு போவேன். வண்டி வளைவைத் திரும்பும் முன்பே கடைக்காரர்கள் காலிச் சாக்கோடு வாசலில் நிற்பார்கள். தமிழ்க் கடை வண்டி வருகிறது என்று அந்த ரோடு முழுவதற்கும் தெரியும். பெயாரிங் மாற்றக் கொழும்பிலிருந்து சாமான் வரவேண்டும், வரட்டும் என்று இருந்தேன். ஊளையிட்டாலும் பல்லுக்கு எண்ணெய் போகிறது, அது போதும் எனக்கு.

எண்பத்து மூன்றாம் வருடம் ஆடி மாதம் கொழும்பில் தமிழர் கடைகள் எரிகின்றன என்ற செய்தி வந்தது. மறுநாள் காலை எங்கள் தெருவில் பாதிக் கடைகள் திறக்கவில்லை. பக்கத்துக் கடைச் சிங்களவர் தினமும் எங்களுக்குத் தலையாட்டுகிறவர். அன்றைக்குப் பார்க்காத மாதிரி உள்ளே போனார். அவர் பயம் அவருக்கு. பத்து மணி வாக்கில் நகரத்தின் கீழ்ப்பக்கம் புகை எழுந்தது. தூறலில் அது மேலே போகாமல் கூரைகளின் மேலேயே படுத்துக் கிடந்தது.

அண்ணன் என்னைப் பின்சந்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணியையும் புள்ளையையும் திகனைக்குக் கொண்டுபோயி நானா வீட்டுல விட்டுட்டு வா."

திகன நானா எங்களிடம் மொத்தமாகச் சாமான் எடுக்கிற முஸ்லிம் வியாபாரி. எந்த நேரமும் வரலாம் என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நீங்களும் ஏறுங்கண்ணே. ஒரே நடையில போயிருவோம்."

"முன்னுக்கு மூணு பேருதான் இருக்கலாம். பின்னுக்கு நான் ஏறுனா ரோட்டுல போறவன் எல்லாம் பாப்பான். ஆள் இல்லாத கடைன்னாதான் கை வைப்பானுங்க. நான் இருந்தா மொகம் பாத்துட்டுப் போயிருவானுங்க. நீ திரும்பி வந்து என்னைய ஏத்திக்க."

அவர் அதை முழுசாக நம்பினார். இருபது வருடம் அந்தத் தெருவில் கடனுக்கு அரிசி கொடுத்த மனுஷன், நம்பாமல் என்ன செய்வார்?

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆனா இந்த ஊளையோட போகக்கூடாது. வித்தவன் போட்டதையே போடு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "மரத்தூளா? நல்லாத்தான் இருக்கு! தூளு போயி பெயாரிங்குக்கு எண்ணெ போற ஓட்டைய அடைச்சிரும்ணே. இந்த ஏத்தத்துல சூடேறி இறுகிப் போச்சுன்னா ரோட்டுலயே நிக்கும். நூத்தி நாப்பது நம்பர் மட்டும் விடுறேன், தடிப்பா இருக்கும், சத்தம் கொறையும்."

"கொறையுமா, நிக்குமா?"

"கொறையும்."

"எனக்கு நிக்கணும். ரெண்டு நட தாங்குமா, அத மட்டும் சொல்லு."

"மெஷினுக்கு நான் ஜாமீன் நிக்க முடியாதுண்ணே!"

மாடிப்படியில் அண்ணி வந்து நின்றார். கையில் ஐந்து வயது மகள். "ஊரு எரியுது, அண்ணனும் தம்பியும் எண்ணெக்கா சண்ட புடிக்கிறீங்க?" என்றார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன்.

அண்ணன் தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு பை தூள் கொண்டுவந்து, கடையில் மா சலிக்கிற அரிப்பில் சலித்தார். நல்ல தொண்ணூறு நம்பர் எண்ணெயைத் திறந்துவிட்டேன். அந்தப் பொன்னிற எண்ணெய் சந்தில் ஓடியதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. எங்களிடம் இருந்த நூற்று நாற்பது, பழைய லொறிக் கியர்பெட்டிக்கு விடுகிற பீப்பாய் எண்ணெய். கந்தக மருந்து எதுவும் அதில் இல்லை. அதில் தூளைக் குழைத்துப் பம்ப் வைத்து அடித்தேன். வாய்க்குள் அண்ணனைத் திட்டிக்கொண்டேதான் அடித்தேன். அவர் மூடியைத் துடைத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

புறப்படும்போது அண்ணன், மகளின் கன்னத்தை மட்டும் தொட்டார். அண்ணியைப் பார்த்து, "பின்னாலயே வந்துருவேன்" என்றார்.

வண்டி சத்தமில்லாமல் போனது. இத்தனை நாள் அந்த ஊளையைக் கேட்டுக்கொண்டே ஓட்டிய எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. வாய்விட்டு அழுகிற மெஷினின் வலி ஓட்டுகிறவனுக்குத் தெரியும். இதற்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தென்னக்கும்புரப் பாலத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. மகாவலி கலங்கலாக ஓடியது. மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள், அண்ணி அவள் வாயைப் பொத்தினார்.

பாலம் தாண்டி ஒரு சந்தியில் கூட்டம் நின்றது. கையில் தடி, பொல்லுகள், ஒருவனிடம் தகர டின். எங்களிடம் சாமான் வாங்குகிற ஒரு தையற்கடை எரிந்துகொண்டிருந்தது, எல்லோரும் அதைப் பார்த்து நின்றார்கள். முதுகுகள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. அதில் இரண்டு முதுகு யாருடையது என்றுகூடத் தெரியும், என் சரக்குச் சாக்கைத் தூக்கி இறக்கிய முதுகுகள். அக்சிலேட்டரை மிதிக்காமல் சரிவிலேயே வண்டியை விட்டேன். கூட்டத்துக்குப் பின்னால், எட்டித் தொடுகிற தூரத்தில் போனோம். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

திகன ஏற்றத்தில் வாடை வந்தது. எரிந்த மரத்தின் வாடை. கடவுளே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன். நானா வீட்டு வாசலுக்குத் திரும்புகிற இடத்தில் பின்சக்கரம் இரண்டும் இறுகி, வண்டி இழுபட்டு நின்றது. இறங்கி அடியில் கை வைத்தேன், தோல் உரிந்தது. பினியன் அசையவே இல்லை.

"தம்பி, எப்பத் திரும்பிப் போறீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"இப்பவே அண்ணி. கொஞ்சம் ஆறட்டும்" என்றேன். ஆறினாலும் அது ஓடாது என்று எனக்குத் தெரியும்.

நானா ஓடிவந்து மகளைத் தூக்கிக்கொண்டார். "உள்ளுக்கு வாங்க, சுருக்கா வாங்க."

அவரிடம் வண்டி கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தார், அந்த நேரத்தில் கண்டிக்கு வண்டி எடுக்க யார் வருவார்கள்? நான் நடக்கிறேன் என்று கிளம்பினேன். வாசலில் குறுக்கே நின்றார். "அந்தச் சந்திய நடந்து தாண்டுவீங்களா தம்பி? இந்தப் புள்ளைக்கு ஆரு இருக்கிற?" அவரைத் தள்ளிவிட்டுக் கேட் வரை போய்விட்டேன். அப்போது ரேடியோவில் ஊரடங்கு அறிவித்தார்கள்.

ஊரடங்கு தளர்ந்ததும் நானா தனியாகக் கண்டிக்குப் போனார். திரும்பி வந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் தண்ணீர் கேட்டார். கடை முழுவதும் எரிந்துபோயிருந்தது. அண்ணன் கடைக்குள்ளேதான் இருந்திருக்கிறார்.

அண்ணி மகளை இழுத்து மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். நான் சொன்ன எண்ணெயை ஊற்றியிருந்தால் வண்டி ஓடியிருக்கும், போய் ஏற்றிக்கொண்டு வந்திருப்பேன், சொன்னேனே, சொன்னேனே என்று எனக்குள் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டிருந்தான். அண்ணன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். செத்துப்போன மனுஷன்மேல்!

அப்போது அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தச் சந்தியில நம்ம வண்டிச் சத்தம் கேட்டிருந்தா?"

"திரும்பிப் பாத்திருப்பானுங்க அண்ணி."

"அப்ப அவரு போடச் சொன்னதுதான் சரியான எண்ணெ, இல்லையா?"

மகள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். உயிரோடு, மூச்சு விட்டுக்கொண்டு.

"ஆமா அண்ணி," என்றேன். "அண்ணன் சொன்னதுதான் சரி."