பிரசவ அறையில் எண்ண வேண்டியவர் யார்?

ஆறு வாரமாக நானும் மனைவியும் ஆன்லைனில், பதறாமல் பிள்ளை பெறச் சொல்லித்தரும் ஹிப்னோபர்த்திங் படிக்கிறோம். வலி வரும்போது நான் மெதுவாக எண்ண வேண்டும். அவள் என் குரலைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட வேண்டும். நன்றாகவே பழகிவிட்டாள்.

இன்று காரைக்குடி அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குப் போனபோதுதான், பிரசவ அறைக்குள் நானும் வரலாமா என்று நர்ஸிடம் கேட்டேன்.

"ஆம்பளையாளுக வரக் கூடாது தம்பி. உள்ள மத்த பொம்பளைகளும் இருப்பாகள்ல. பொண்ணோட அம்மாவ அனுப்புங்க."

"அப்ப என் குரலப் பதிவு பண்ணி போன்ல குடுத்து விடுறேன்."

"போனும் கூடாது."

முதல் வாரமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எஞ்சினியரிங் படித்து என்ன பயன்?

மாலை புதுவயலில் மாமியார் வீட்டுக்குப் போய் அவருக்குப் பாடம் எடுத்தேன். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுக்க வேண்டும், எட்டு எண்ணும்வரை விட வேண்டும். அவர் மூன்றிலேயே அழுதுவிட்டார்.

"அவ கத்துனா நானும் சேந்து கத்திருவேன் மாப்பிள்ளை. பேசாம நீங்களே ஒரு சேலையக் கட்டிக்கிட்டு உள்ள போறீகளா?"

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. "நீங்க எண்ணாம எனக்கு அந்த மூச்சு வராது" என்றாள்.

பிரசவத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. மாமியார்கள் பதறாமல் இருக்க ஏதாவது வகுப்பு நடந்தால் சொல்லுங்கள். இன்றே சேர்த்துவிடுகிறேன்.