பல் டாக்டரும் அண்ணன் நம்பரும்

கம்பெனிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பல் டாக்டர். பல்லுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாயைத் திறக்க வைப்பார், வலிக்கும், அவ்வளவுதான். எந்த மேலாளர் வேலையில் சொதப்புகிறாரோ, அவரை எதிரில் உட்கார வைத்தே மற்ற மேலாளர்களைப் பேச வைக்க வெளியிலிருந்து வருகிற அம்மா.

ஊரார் வாயையெல்லாம் திறந்தவருக்குச் சொந்த அண்ணனோடு நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. அண்ணன் கையில் அப்பாவின் பெயின்ட் கடை படுத்துக்கொண்டிருந்ததை அண்ணனிடம் சொல்லாமல் அப்பாவிடம் போய்ச் சொன்னார். அப்பா சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அண்ணன் நம்பரை எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார்.

அன்றைக்கு ஒரு பிஸ்கட் ஃபேக்டரி. நாலு மேலாளர்கள், எதிரில் லாரி மேலாளர். ஆறு மாதமாக வண்டிகள் தாமதம். முதலாளி காதில் நாலு பேரும் ஓதாத புகார் இல்லை, லாரிக்காரரிடம் மட்டும், "என்னண்ணே, டீ ஆச்சா?"

"முகத்தைப் பார்த்துச் சொல்லணும். தேதியோட. நீங்க என்ன செஞ்சீங்கன்னும் சேர்த்து," என்றார் பல் டாக்டர்.

எல்லாரும் பிஸ்கட் தட்டையே ஆராய்ந்தார்கள். தாங்களே சுட்டது, அதில் என்ன புதுசோ!

கடைசியில் கிடங்கு மேலாளர் செருமினார். "மார்ச் மூணு. வண்டி லிஸ்ட்டைத் தப்பா போட்டீங்கண்ணே. அன்னிலேர்ந்து நான்தான் முன்னாடியே வந்து போட்டு வைக்கிறேன். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு..."

"நீதானா அது?" என்றார் லாரிக்காரர். "தினம் வந்து பாக்குறேன், என் வேலை முடிஞ்சு கிடக்கு. நான் வேண்டாம்னு ஆயிட்டேன்னு நெனச்சேன்யா. சாப்பிடக் கூப்பிடுறதையும் நிறுத்திட்டீங்க."

"உங்க முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியலண்ணே."

"ரூட்டே தெரியாத நீ லிஸ்ட் போட்டா வண்டி எப்படிடா நேரத்துக்குப் போகும்?"

சிரிப்பு வெடித்தது. லாரிக்காரரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. லிஸ்ட் இனி அவர் கையில். மூன்று மாதத்தில் தேறாவிட்டால் பதவியைத் தானே விடுவதாகவும் அவரே சொன்னார். ஐந்து பேரும் ஒன்றாகச் சாப்பிடக் கிளம்பினார்கள்.

"மேடம், வாங்க."

"போங்க, வரேன்."

காலி நாற்காலிகளுக்கு நடுவே போனை எடுத்தார். இந்த முறை வைக்கவில்லை. மணி அடித்தது. அந்தப் பக்கம் அதே பழைய இருமல். நல்லா இருக்கியா என்று கேட்க வாய் துடித்தது. ஆனால் தானே போட்ட விதி விதிதானே.

"அண்ணே, ஜூன் பத்து. உங்கிட்ட சொல்லாம அப்பாகிட்ட போனேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.

"ஒன்பது," என்றார் அண்ணன். "ஞாயித்துக்கிழமை. ம், மேல சொல்லு."