ஆளுக்குத்தான் சைக்கிள்

“இன்னொருக்கா எறங்கி ஏறி வாங்க” என்கிறார் காத்தமுத்து.

எதிரே நிற்பவர் ரொட்டி விற்கிற சுப்பண்ணன். ஏற்கெனவே இரண்டு முறை கீழ்வளைவு வரை போய் ஏறி வந்துவிட்டார். வாய் திறந்து மூச்சு வாங்குகிறது. சைக்கிளுக்கு அளவு கொடுக்க வந்த மனிதர் இப்படி மலையேற வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார். முனகிக்கொண்டே மூன்றாவது முறையும் இறங்குகிறார். காத்தமுத்து பட்டறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டம்ளரில் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல், ஏறிவருகிறவரின் முழங்காலையே பார்க்கிறார். எந்தக் காலை முதலில் ஊன்றுகிறார், எங்கே நிற்கிறார், நிற்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறார் என்று ஒன்றையும் விடுவதில்லை.

அரவேணு பஸ் ஸ்டாப்புக்கு மேலே, செங்குத்தான பாதையின் உச்சியில் இருக்கிறது அவருடைய தகரக் கொட்டகை. வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருக்கிறார். “மலையில சைக்கிளு பாதி நேரம் ஓட்டறதுக்கு இல்லீங்க, தள்ளறதுக்கு. அதுமேல சாஞ்சுட்டே ஏறோணும். கைப்பிடி ஒரு விரக்கடை தப்புனாப் போதும், சைக்கிளு உங்களத் தாங்காது, நீங்கதான் சைக்கிளத் தாங்கிட்டுப் போகோணும்.” மலையில் சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் பதில் தயாராக இருக்கிறது. “அப்பிடிக் கேக்கறவனெல்லாம் ஜீப்புல போறவனுங்க.”

ஏறி முடித்தவர் அடுத்து சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். குதிகால், முட்டி, இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று சாக்கட்டியால் கோடு போடுவார். அந்தக் கோட்டின்மேல்தான் குழாய்களை வைத்து அறுப்பார். பெண்கள் வந்தால் கோடு போடுவது மனைவி ராமாத்தாள். காத்தமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். கோடுகள் அழியக் கூடாது என்று தரையைக் கழுவ விடுவதில்லை. பஞ்சாயத்து மெம்பரின் கால்மாட்டில் மீன்காரர் படுத்திருக்கிறார், தபால்காரரின் தலைமேல் பால்காரர் கால் நீட்டியிருக்கிறார். அந்தத் தரையில் மட்டும் பெரியவர், சின்னவர் பேதம் கிடையாது.

குழாய் வாங்க மாதம் ஒருமுறை கோயமுத்தூர் உக்கடத்துக்கு இறங்குவார். பழைய இரும்புக் குவியலில் ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் சுண்டிக் காதில் வைத்துப் பார்ப்பார். கடைக்காரர்கள் அவரைக் கண்டாலே தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு குழாய் சேரும் இடத்தை உருண்டை அரத்தால் ராவி, ஒன்றின் வாய் மற்றொன்றின் வயிற்றைக் கவ்வும்படி செய்கிறார். வெளிச்சம் நடுவில் தெரிந்தால் மறுபடியும் அரம். பிறகு வெண்காரம் தடவி, கேஸ் தீயில் சிவக்க வைத்து, பித்தளைக் கம்பியைத் தொட்டுக் காட்டுகிறார். பித்தளை தானாகச் சந்தில் ஓட வேண்டும். சூட்டோடு பனிக்காற்று பட்டால் சேர்மானம் முறுகிவிடும் என்று கதவைச் சாத்திச் சாம்பலில் புதைத்து வைப்பார். அந்த அரைமணி நேரம் அவசரம் என்று யார் கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை.

இதெல்லாம் தேயிலை ஃபேக்டரியில் கற்றது. இருபத்திரண்டு வருஷம் அங்கே ஃபிட்டர். பச்சை இலை கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்ததும் ஃபேக்டரி முதலில் வாரம் மூன்று நாள் ஓடியது, பிறகு பூட்டு விழுந்தது. கூட வேலை பார்த்தவர்கள் பாதிப்பேர் பனியன் கம்பெனிக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். இவரையும் கூப்பிட்டார்கள். “வெல எறங்கிருச்சுன்னு நானும் எறங்கோணுமா?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பாதை உச்சியில் கொட்டகைக்குக் குழி தோண்டினார்.

மனிதரின் பிடிவாதம் ஊர் அறிந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர். ஊட்டியில் ஒரு ஹோட்டல்காரர் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரே மாதிரி பத்து சைக்கிள் கேட்டு வந்தார். “பத்துப் பேரக் கூட்டிட்டு வாங்க” என்றார் இவர். வருகிறவர்கள் தினம் ஒருவர் அல்லவா என்றார் ஹோட்டல்காரர். “அப்ப கடையில வாங்கிக்கங்க. ஆரு ஏறப்போறாங்கன்னே தெரியாம நா எப்பிடிங் கட்டறது? ஆளுக்குத்தானுங்க சைக்கிளு. சைக்கிளுக்கு ஆளில்லீங்க.” அந்த ஒரு வேலை கிடைத்திருந்தால் கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டிருக்கலாம். ராமாத்தாள் நாலு நாள் பேசவில்லை.

இந்தப் பிடிவாதம் ஒருத்தியின் பிழைப்பையே தின்னப் பார்த்தது போன மாதம்தான்.

ராக்கம்மா பக்கத்து எஸ்டேட்டில் இலை எடுப்பவள். அப்பா காலத்தில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. பதினெட்டு வருஷமாக அவள் இலை எடுத்தது மேல் டிவிஷனில், எஸ்டேட் கொடுத்த குடியிருப்பு வரிசையான லயத்துக்கு எதிரே. திடீரென்று அவளையும் இன்னும் ஆறு பேரையும் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கீழ் டிவிஷனுக்கு மாற்றினார்கள். டீசல் மிச்சம் என்று ஆள் ஏற்றிப்போகிற லாரியையும் ஒரு வாரம் கழித்துத் திங்கள் முதல் நிறுத்துவதாகச் சொன்னார்கள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஒரே மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் பேர் வெட்டு. ஆட்குறைப்பு என்று வாயால் சொல்லாமல் ஆளைக் குறைக்கிற வழி இது. பச்சைக் குழந்தைக்கும் இது புரியும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பட்டறைக்கு வந்தாள். “பேரு போனா லயமும் போகும்ண்ணே. அம்மாவ வச்சுக்கிட்டு நான் எங்க போறது?” என்றாள். சைக்கிள் அவளுக்குப் புதிதல்ல. ஊட்டி காந்தலில் இருந்தபோது தம்பியின் சைக்கிளை வலது காலாலேயே மிதித்துப் பழகியவள்.

காத்தமுத்து ஏழு நாளில் கட்டிக்கொடுத்தார். இடது பெடலில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார். மாலையில் ஏறும்போது அந்தக் காலின் பாரத்தை வாங்கிக்கொள்ளும் உயரத்தில் கைப்பிடி. திங்கட்கிழமை அவள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். சாயங்காலம் வீட்டுச் சேலையில் பட்டறைக்கு வந்து, ஏறி உட்கார முடியவில்லை, தள்ளிக்கொண்டே போனேன் என்றாள். காத்தமுத்துவுக்குச் சுருக்கென்று வந்தது. “எம்பட அளவு தப்பாதம்மிணி. நாளைக்குப் பழகிப்போகும்” என்று சீட்டை மட்டும் இறக்கிக்கொடுத்தார். செவ்வாய்க்கிழமையும் தாமதம்.

அன்று சாயங்காலம் அவள் வேலைக் கோலத்திலேயே வந்து நின்றாள். சேலைக்கு மேல் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கனத்த சாக்குப் படங்கு, கயிற்றால் இறுக்கிக் கட்டியது. ஈரத் தேயிலைக்குள் இறங்குகிற யாரும் அதில்லாமல் நிற்க முடியாது. அந்தப் படங்கோடு அவளால் குழாயைத் தாண்டிக் காலெடுத்து வைக்க முடியவில்லை. ஓரம் போய்ச் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. ராமாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “வேலைக்குப் போறவளக் கோயிலுக்குப் போற சீலையில அளந்தா வேற எப்பிடிங்க இருக்கும்?”

அங்கே நின்றிருந்த சுப்பண்ணன் ஒரு யோசனை சொன்னார். படங்கைச் சுருட்டிக் கேரியரில் வைத்துக்கொண்டு, அங்கே போய்க் கட்டிக்கொண்டால் என்ன? நியாயமான யோசனைதான். காத்தமுத்து அவரைப் பார்த்த பார்வையில் ரொட்டி கருகியிருக்கும்.

“வேலைக்குப் போற பொம்பள ரோட்டுல அவுத்து, அங்க போயிக் கட்டோணுமாக்கும்? கழட்ட வேண்டியது படங்கில்லீங்க. தப்பு எம்பட தப்பு. சொல்லச் சொல்லக் கேக்காத ஒரு நாளு வேற இந்தப் புள்ளைக்குத் தொலைச்சுப்போட்டேன்.”

சொல்லிவிட்டு ஆக்ஸா பிளேடை எடுத்து, ஏழு நாள் உழைப்பை எல்லோரும் பார்க்க நடுவில் அறுத்தார். அவர் கட்டிய சைக்கிளை அவரே அறுத்தது அதுதான் முதல் தடவை. முகம் செத்துப்போயிருந்தது, கை மட்டும் நிற்கவில்லை. ராக்கம்மாவைப் படங்கோடு பாதையில் ஏறி இறங்கச் சொன்னார். படங்கோடு ராமாத்தாள் கோடு போட்டாள்.

ராத்திரி முழுக்கக் கண் விழித்ததில், புதன்கிழமை காலை ஆறு மணிக்கு பெயின்ட் பூசாத சைக்கிள் வாசலில் நின்றது. மேல் குழாயே இல்லை. பெடலுக்கு மேலே ஒரு சாண் உயரம் வரை தாழ்ந்து வளைந்த ஒற்றைக் குழாய், சங்கிலிக்கு முழுத் தகர மூடி. ராக்கம்மா படங்கோடு ஏறி உட்கார்ந்து, ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, லயத்துக்குக் கூடை எடுக்கப் போனாள்.

காத்தமுத்துவுக்குப் பட்டறையில் இருப்புக் கொள்ளவில்லை. வழியில் போன பால் வேனில் தொற்றிக்கொண்டு கீழ் டிவிஷனுக்குப் போய் இறங்கினார். ஃபேக்டரி மூடிய பிறகு எஸ்டேட் மண்ணை மிதிக்க மாட்டேன் என்றிருந்தவர். பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கொட்டகை ஓரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. ஏழரைக்கு வாட்ச்மேன் மோசஸ் அதைச் சுத்தியலால் அடிப்பார். அடித்த பிறகு வருகிறவர்கள் தாமதம்.

ஏழு இருபதுக்கே ஃபீல்டு ஆபீசர் பாலகுமார் வாட்சைப் பார்த்தார். மேலே சாலையைப் பார்த்தார். கடைசி வளைவுக்கு மேல் ஒரு சைக்கிள் இறங்கி வருவது அவருக்கும் தெரிந்தது.

“மோசஸ், பெல் அடி.”

“சார், இன்னும் நேரம்…”

“என் வாட்ச்சுல ஏழரை. அடிய்யா.”

வரிசையில் சலசலப்பு எழுந்தது. யாரும் முன்னால் வரவில்லை. வயிறு காய்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மோசஸ் தயங்கித் தயங்கிச் சுத்தியலை எடுத்தார். அதற்குள் காத்தமுத்து போய்த் தண்டவாளத்தை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சுத்தியல் விழுந்தது. டொக்கென்று ஒரு மொட்டைச் சத்தம் வந்தது. பிடித்த இரும்பு பாடாது என்று இருபத்திரண்டு வருஷ ஃபிட்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“யாருய்யா நீ? கைய எடு!”

“அடிக்கச் சொல்லுங் சார். நானா வேண்டாங்கறேன்?”

இரண்டாவது அடியும் டொக். மூன்றாவது அடி தண்டவாளத்தைப் பிடித்திருந்த விரலில் பட்டது. மோசஸ் பதறிச் சுத்தியலைக் கீழே போட்டார். காத்தமுத்துவின் பிடி தளரவில்லை. பாலகுமார் கத்திக்கொண்டிருந்தார், வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு பலர் சிரித்தார்கள். நிதானமாகப் பிரேக் பிடித்து வந்த ராக்கம்மா, படங்கு எதிலும் மாட்டாமல் இறங்கி, சைக்கிளைச் சாத்தி, கூடையை மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நிமிர்ந்து நின்றாள்.

“இப்ப அடிங் மோசஸு” என்று சொல்லி, காத்தமுத்து தண்டவாளத்திலிருந்து கையை எடுத்தார்.