கடைசிக் கட்டம் வரைக்கும் ஒரு ஆள்

குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று, "வணக்கம், ஒரு நிமிஷம் இருக்குமா உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் மூடி மேடம். பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு அடங்குகிறது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மேலே பேசுகிறார். மாநாட்டுக்கு ஒத்திகை பார்க்க வீட்டில் இதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஆள் உயரம், சலனமில்லாத முகம், உள்ளே விளக்கு எரிகிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மாநாட்டுக்கு வருகிறவர்களும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், பெட்டி நடுவில் டீ குடிக்கப் போகாது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளுநர் அவர். கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் பாதி ஆயுள் போய்விட்டது. குழந்தைகள் திறந்துவிடக் கூடாதே என்று அழுத்தித் திருகும்படி சில மருந்துப் புட்டிகளுக்கு மூடி செய்கிறார்கள் அல்லவா? அந்த மூடியைக் குழந்தைகள் திறந்துவிடுகிறார்கள், பெரியவர்களால்தான் முடிவதில்லை என்பது அவருடைய ஆராய்ச்சி. முடியாதவர்கள் பிறகு என்னதான் செய்கிறார்கள் என்பது அதன் உயிர்நாடி. மருந்து வாங்க வருகிறவர்களிடமெல்லாம் காலிப் புட்டி ஒன்றை நீட்டி, "எங்கே, திறங்க பார்க்கலாம்" என்று கேட்டுக் கேட்டு, பெயரே மூடி மேடம் என்றாகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

வருடா வருடம் தன் துறை மாநாட்டுக்கு ஒரு போஸ்டர் கொண்டுபோகிறார். மாநாடுகளில் மேடை என்பது பெரியவர்களுக்கு. மற்றவர்கள் தங்கள் ஆராய்ச்சியைப் பெரிய தாளில் அச்சடித்து, பலகையில் குத்திவிட்டு, பக்கத்திலேயே சிரித்த முகமாக நிற்க வேண்டும். வருகிறவர்கள் முதலில் தலைப்பைப் பார்ப்பார்கள். அடுத்துக் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்ப்பார்கள். பெரிய இடத்து ஆள் இல்லை என்று தெரிந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

மூடி மேடத்துக்குப் பரிசில் ஆசை கிடையாது. அவர் ஏங்குவது ஒன்றுக்குத்தான். போஸ்டரின் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் ஒரே ஒரு ஆள் நின்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு ஒரு கேள்வியும் கேட்டுவிட்டால் பிறவிப் பயன். போன வருடம் ஒருவர் பாதியைத் தாண்டினார். அதற்குள் டீ வந்துவிட்டது. அந்த முகத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. டீ கொஞ்சம் தாமதித்திருந்தால் இன்னொரு கட்டம் வந்திருப்பார் என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்துக்கொள்வார்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர்; ஆனால் அவசரப்பட்டு நல்லவராகிவிடுவார்.

"பிரமாதம்," என்றார், தலைப்பைக் கேட்டதுமே.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க."

"ஆரம்பிக்காதப்பவே பிரமாதம்னுதான் சொல்றேன். உனக்கென்ன குறைச்சல்?"

அடுத்து மூடி மேடம் நாத்தனாருக்குப் போன் போட்டார். "அண்ணி, அந்த மூடியை நான் கதவிடுக்குல வெச்சு ஒரே நசுக்கு நசுக்கிடுவேன். இதுக்குப் போயி ஆராய்ச்சியா?" என்றுவிட்டு, நாத்தனார் தன் முழங்கால் வலிக்குத் தாவினார். மூடி மேடம் கதவிடுக்கை மட்டும் குறித்துக்கொண்டார். ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் சொந்தமாவது, பந்தமாவது.

போஸ்டரின் தலைமாட்டில் ஆராய்ந்தவர்கள் பெயரைப் போட வேண்டும். துறைத் தலைவர் முதலில். அவருக்கும் மேலே இருப்பவர் அதற்கும் முதலில். மருந்துப் புட்டியைக் கண்ணால் பார்த்திராத பெருமக்கள் எல்லாம் உட்கார்ந்த பிறகு, மூடி மேடத்தின் பெயர் பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொண்டவர் போலக் கடைசியில் தொங்கியது.

இந்த வருடம் அளவில் கோட்டை விட்டார். அறிவிப்பில் முதலில் போட்டிருந்தது உயரம், அடுத்தது அகலம். இவர் மாற்றிப் படித்துவிட்டு, படுக்கை வாக்கில் அச்சடித்து, குழாயில் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போய் இறங்கினார். அங்கே பலகைகள் எல்லாம் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தன. குத்திப் பார்த்ததில், ஆராய்ச்சியின் முடிவு முழுவதும் பக்கத்துப் பலகையின் மேல் ஏறி உட்கார்ந்தது.

"மேடம், உங்க முடிவு என் கிட்னி மேல இருக்கு," என்றார் அந்தப் பலகைக்காரர். அவருடையது சிறுநீரக மருந்துகள் பற்றிய போஸ்டர்.

அமைப்பாளர் வந்தார். "அந்தக் கோடிச் சுவர் காலியாத்தான் கிடக்கு. அங்க ஒட்டிக்கங்க," என்றார் களைத்துப்போன கருணையோடு.

கோடிச் சுவர் என்பது கழிப்பறைக்குத் திரும்புகிற மூலை. அந்தப் பக்கம் போகிறவர்கள் அவசரக்காரர்கள். வருகிறவர்கள் ஈரக் கையை உதறிக்கொண்டு வருகிறவர்கள். மூடி மேடம் இரு சாராரையும் நிறுத்தி ஒரு நிமிஷம் கேட்டார். முதல் சாராரிடம் கேட்டிருக்கக் கூடாது என்பது பிறகுதான் உறைத்தது. மதிப்பெண் போட வந்த நடுவர்கள் இருவர், "இது ஏன் இங்க இருக்கு?" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்கள்.

அப்போதுதான் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் நேராகப் போஸ்டரை நோக்கி வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். நின்றுவிட்டார். மூடி மேடம் ஆரம்பித்தார். முதல் கட்டம் போயிற்று, இரண்டாவது போயிற்று, மனிதர் தலையாட்டினார். மூன்றாவதைக் காட்டக் கையை இறக்கியபோதுதான் கீழே கவனித்தார். போஸ்டருக்கு அடியில் சுவரில் ஒரு பிளக். அதில் அந்த மனிதருடைய போன் சார்ஜுக்குச் செருகியிருந்தது.

மூடி மேடத்தின் மனசு கவுண்டர் ஷட்டர் போலப் பாதி இறங்கியது. இன்னும் உற்றுப் பார்த்ததில் வேறொன்றும் தெரிந்தது. பிளக்கின் சுவிட்ச் போட்டிருக்கவில்லை.

சொல்லிவிடலாம். மருந்தாளுநர் உள்ளதை உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் போன் நிறைந்தால் ஆள் போய்விடுவார். நிறையவே நிறையாத போனுக்காக ஒருவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்பது இதுவரை யாரும் தொடாத ஆராய்ச்சி. மூடி மேடம் அறிவியலின் பக்கம் நின்றார். நான்காவது கட்டத்துக்குப் போனார். போன வருடத்து ஆள் நின்ற இடத்தைத் தாண்டினார். கடைசிக் கட்டத்தையும் சொல்லி முடித்துவிட்டு, கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

திறக்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியிருந்த வட்டப் படத்தைச் சாம்பல் சட்டைக்காரர் விரலால் தொட்டார். "இதுல 'பிற'ன்னு ஒரு சின்னத் துண்டு இருக்கே மேடம், அது யாரு?"

"அவங்களுக்குத் திறக்க வரும் சார்," என்றார் மூடி மேடம் மெதுவாக. "வெளியில பெஞ்சுல உட்கார்ந்து அவங்களே திறந்து மாத்திரை போட்டுக்குவாங்க, நான் பார்த்திருக்கேன். அப்புறம் மூடியை நல்லா இறுக்கிக்கிட்டு வந்து, முடியலம்மா, திறந்து குடும்மான்னு நீட்டுவாங்க."

"எதுக்கு?"

"திறக்கிற வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாம்ல."

அவர் சிரிக்கவில்லை. "திறந்து குடுத்துடுவீங்களா?"

"கொஞ்சம் கஷ்டப்படுற மாதிரிதான் திறப்பேன் சார். சட்டுனு திறந்துட்டா போயிடுவாங்க."

சாம்பல் சட்டைக்காரர் அந்தச் சின்னத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்புறம்?" என்றார்.

மூடி மேடம் கீழே விழுந்த எதையோ எடுக்கிறவர் போலக் குனிந்து, சுவிட்சைப் போட்டார்.