தொங்குற வயரும் காலி ஓட்டையும்

நெட்வொர்க் வேலை பார்க்கிறவனை, எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது நினைத்துப் பார்த்த ஜீவன் இன்னும் பிறக்கவில்லை. நின்றுபோனால் மட்டும் சரியாகச் சோற்றில் கை வைக்கும் நேரத்துக்குப் போன் வரும். இதே தொழிலில் கிடந்து அல்லாடும் சகோதர சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

விழுப்புரத்தில் நானும் என் கூட்டாளி குமரேசனும் சேர்ந்து கடை வைத்திருந்தோம். ஆபீசில் இருக்கிற கம்ப்யூட்டர் வயரெல்லாம் ஓர் இடத்தில் வந்து சேரும் பொட்டி இருக்கிறதே, ஸ்விட்ச், அதை விற்று மாட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. அதில் இரண்டு ரகம். சாதாரணப் பொட்டிக்கு நல்லது கெட்டது தெரியாது, வயரைச் சொருகினால் ஓடும். மேனேஜ்டு பொட்டிக்குள் நாம் போய், வயர் சொருகுகிற இந்த ஓட்டைக்கு இவ்வளவு வேகம் போதும், எந்த ஓட்டையில் கோளாறு வருகிறதோ அதை மட்டும் மூடு என்று சொல்லி வைக்கலாம். விலைதான் கையைக் கடிக்கும். உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டோமோ இல்லையோ, கூத்து ஆரம்பம்.

தூக்கிப் பார்த்தவர்

விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டி முதலாளி, அதாவது நிலக்கடலை வியாபாரி. ஆபீசில் இரண்டே கம்ப்யூட்டர். இரண்டு ரகத்தையும் மேஜையில் வைத்து, தொண்டை வறள விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கைக்கொரு பொட்டியாக இரண்டையும் தூக்கிப் பார்த்தார். மேனேஜ்டு பொட்டி இரும்பு உடம்பு, கை இறங்கியது. மற்றது பிளாஸ்டிக். கனமானதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, உங்களுக்கு அவ்வளவு பெருசு தேவையில்லீங்க, சின்னதே போதும்" என்றேன். வியாபாரம் தெரியாதவன் என்று குமரேசன் மேஜைக்கடியில் என் காலை மிதிக்கிறான். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள பருப்பு இருந்தாதான் தம்பி கை தாழும். எங்கிட்டயே பொக்கு மல்லாட்டையைத் தள்ளப் பாக்கிறியே."

ஏசி இருக்கும் இடம்

கட்டட கான்ட்ராக்டர் ஒருவருக்கு ஒரே கவலை. ஆபீஸ் ஆட்கள் நெட்டில் படம் பார்க்கிறார்கள் என்று. மேனேஜ்டு பொட்டி மாட்டி, ஹாலில் இருக்கிற வயருக்கெல்லாம் வேகத்தைக் குறைத்து, அவர் ரூம் வயரை மட்டும் தாராளமாக விட்டேன். அவருக்குப் பரம திருப்தி.

சித்திரை வெயிலில் அவர் ரூம் ஏசி படுத்துவிட்டது. மனிதர் ஹாலுக்கு வந்து, அக்கவுண்ட்ஸ் பார்க்கிற விஜயா மேடத்தை எழுப்பித் தன் ரூமுக்கு அனுப்பிவிட்டு, ஹால் ஏசிக்கு நேராக அவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கிரிக்கெட் போட்டால் பந்து போடுகிறவன் ஓடி வந்துகொண்டே இருக்கிறான், பந்து வரக் காணோம். போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். நான் வேகத்தைக் கட்டினது வயருக்கு, ஆளுக்கு இல்லை என்று புரியவைக்கப் போனேன். அவர் ரூமை எட்டிப் பார்த்தால், வேர்த்து வழிய உட்கார்ந்திருந்த விஜயா மேடம் மெதுவாகச் சொன்னார்: "புழுக்கம்தாங்க, ஆனா நெட்டு ஜம்முனு வருது. ஏசி ரிப்பேரு ஆளை நிதானமாவே வரச் சொல்லுங்க."

ஜோதி அக்கா கேட்ட பொட்டி

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜோதி அக்கா பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு சும்மா நெட் பார்க்க எவனும் வருவதில்லை. வேலைக்கு அப்ளிகேஷன் போடுகிறவர்கள்தான் வருவார்கள். அதுவும் கடைசி நாளன்றுதான் வருவார்கள். ஓமந்தூர், மரக்காணம் என்று சுற்றுப்பட்டு சனமெல்லாம் அன்றைக்குக் கடை வாசலில் நிற்கும்.

இத்தனை பேர் வந்துபோகிற இடத்துக்கு மேனேஜ்டு பொட்டிதான் சரி என்றேன். விலையைக் கேட்டதும் அக்கா அதை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். வாடகைக் கடை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சாதாரணத்தையே மாட்டிவிட்டுக் கிளம்பும்போது சொன்னார்: "மத்த நாளு நின்னா நிக்கட்டும் தம்பி. கடைசி நாளு நின்னுதுன்னா ஒருத்தர் வாழ்க்கையே போயிடும். அன்னிக்கு மட்டும் நிக்காம பாத்துக்க."

விளக்கு வைக்கிற நேரம்

நின்றது. கடைசி நாளன்றேதான் நின்றது. சாயந்திரம் அக்காவிடமிருந்து போன்: "சேகரு, எல்லா சிஸ்டமும் படுத்துக்கிச்சு. ஒரே பேஜாரா இருக்குது. இங்க ஒரு பொண்ணு அழுதுக்கினு நிக்குது, ஜல்தியா வா."

அந்தப் பெண் செண்பகம், ஓமந்தூர்ப் பக்கம். அப்பா அம்மா கூலி வேலை செய்து நர்ஸ் படிக்க வைத்திருக்கிறார்கள். அரசாங்க நர்ஸ் வேலைக்கு அன்று ஏழு மணியோடு அப்ளிகேஷன் மூடுகிறது. இந்த முறை விட்டால் அவளுக்கு வயசு தாண்டிவிடும். வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் லீவு கொடுத்ததே அன்றைக்குத்தானாம். எல்லாம் நிரப்பிக் கடைசிப் பட்டனை அமுக்கும்போது நெட் போய்விட்டது. நான் விழுப்புரத்தில் பஸ் ஏறி திண்டிவனத்தில் இறங்குவதற்குள் மூடிவிடுவார்கள்.

"பொட்டியில லைட்டெல்லாம் எப்படிக்கா மின்னுது?"

"மேல்மலையனூர் அமாவாசைக்கு சாமி வந்து ஆடுவாங்களே, அந்த மாதிரி எல்லாம் ஒண்ணா ஆடுது."

புரிந்துவிட்டது. ஒரே வயரின் இரண்டு முனையும் அதே பொட்டியில் இருந்தால், போன தகவலே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து மொத்தக் கடையையும் அடைத்துவிடும். "எந்த வயரையாவது தொட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நான் ஏம்பா தொடப் போறேன்? விளக்கு வைக்கிறதுக்கு முன்ன கடையைக் கூட்டினேன். விளக்கு ஏத்தினேன். அவ்ளோதான்."

"கூட்டும்போது?"

"ரிப்பேருக்குப் போன சிஸ்டத்தோட வயரு தொங்கிக்கினு இருந்துது. விளக்கு வைக்கிற நேரத்துல கடை அலங்கோலமா இருக்கலாமா? பொட்டியில ஒரு ஓட்டை காலியா இருந்துது, சொருகி வச்சேன்."

அதைப் பிடுங்குங்கள் என்றால், எதுவென்று தெரியவில்லை, எல்லாமே நீலமாக இருக்கிறது என்கிறார். அப்புறம் யாரோ மேஜைக்கடியில் நுழையும் சத்தம். "அக்கா, நவுருங்க. இதோட ரெண்டு முனையும் இங்கதான் இருக்குது, புடுங்கட்டுமா?" என்று ஒரு பெண் குரல், செண்பகம்தான். பிடுங்கினாள். லைட்டுகளின் ஆட்டம் அடங்கியது. அவள் மறுபடி அப்ளிகேஷனுக்குள் போய்ப் பட்டனை அமுக்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அக்கா யாரையோ 'சும்மா இருங்கப்பா' என்று அதட்டுவது கேட்டது. பிறகு அந்தப் பெண்ணே பேசினாள்: "அண்ணா, போயிடுச்சு. நம்பர் வந்துடுச்சு. நீங்க யாருன்னு தெரியல, நல்லா இருங்க."

மின்னாத ஓட்டை

மறு வாரமே அக்கா தவணையில் மேனேஜ்டு பொட்டி வாங்கிக்கொண்டார். ஒரு வயர் திரும்பி அதே பொட்டிக்குள் வந்தால் அந்த ஓட்டையை மட்டும் மூடும்படி சொல்லி வைத்தேன். பொட்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எத்தனை கம்ப்யூட்டர் என்று மட்டும் பார்க்காதீர்கள், அதன்மேல் எத்தனை பேர் கை படும் என்றும் பாருங்கள்.

அக்காவும் மாறவில்லை, விளக்கு வைக்கிற நேரமும் மாறவில்லை. கொஞ்ச நாளில் போன் வந்தது. கடை நின்றுவிட்டதா என்று பதறிக் கேட்டேன். கடை பாட்டுக்கு ஓடுகிறதாம். வேறு புகார்: "இவ்ளோ விலை குடுத்து வாங்கினேன், நான் சொருகின ஓட்டை மட்டும் மின்ன மாட்டேங்குது தம்பி. பழுதான பொட்டியை என் தலையில கட்டிட்டியா?"

நல்ல நேரம்

செண்பகத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. ஸ்வீட் பொட்டியோடு அக்கா கடைக்கு வந்தாள். வேறு வேலையாகப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். அன்றைக்குப் போனில் பேசின குரலை இப்போதுதான் முகத்தோடு பார்க்கிறேன். கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம். இவர்தான் அந்த அண்ணன் என்று அக்கா காட்ட, அவள் என் கையில் ஒரு மைசூர்பாகைத் திணித்துக் கும்பிட்டாள். அதைப் பாதி கடித்திருப்பேன். அக்கா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுச் சொன்னார்: "நான் விளக்கு ஏத்தின நேரத்துல போட்ட அப்ளிகேஷன்டி அது, வீணா போவுமா?"

ஆக, சகோதர சகோதரிகளே, ஓடினால் விளக்கு ஏற்றின நேரம், நின்றால் நம் போன் நம்பர்.